பதினாறு வீதிக்கு ஒரு ஃபாரம்

கதை சொல்லி ஆடுகிற ஒரு விளையாட்டுக்கு 176 பக்கம் விதிநூல் எழுதி முடித்த பிறகுதான், பாயில் உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்கு அதில் இருபது பக்கம் போதும் என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்த இருபதைக் கண்டுபிடித்தது எப்படி, மீதியை என்ன செய்தோம், எங்கே சறுக்கினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழில் இந்த மாதிரி விளையாட்டுப் புத்தகம் போட நினைக்கிற அடுத்த ஆளுக்குக் கொஞ்சம் காகிதச் செலவாவது மிஞ்சும்.

மதுரை செல்லூரில் ஒரு மொட்டை மாடி. ஞாயிறு சாயங்காலம் ஐந்தாறு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து “நான் சுவரேறிக் குதிக்கிறேன்” என்பது போலச் சொல்வார்கள், குதிக்க முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்கு, 2014 பதிப்பில் அடிப்படைப் புத்தகங்கள் மூன்று. ஆடுகிறவர்களுக்கு 320 பக்கம், நடத்துகிறவருக்கு இன்னொரு 320, அரக்கர் பட்டியல் 352. கிட்டத்தட்ட ஆயிரம் பக்க ஆங்கிலம். எங்களில் அதைப் படித்தவர் ஒரே ஆள், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற சார். அவர் வராத ஞாயிறுகளில் கேரம் போர்டை எடுத்துவிடுவோம். தமிழில் ஒரு விதிநூல் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது, சாருக்கு டைபாய்டு வந்து ஒரு மாதம் மாடிப் பக்கமே வராதபோதுதான்.

வேலையில் இறங்கியவர்கள் மூன்று பேர். சார், ஃபிளெக்ஸ் பேனருக்கு வரைகிற ஓவியர் தம்பி ஒருவர், அச்சகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்து பிழைக்கிற நான்.

முதலில் மொழிபெயர்க்கத்தான் நினைத்தோம். அதற்கு வழியும் இருந்தது. அந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம், 2000-இலிருந்து நடப்பில் இருந்த திறந்த உரிமத்தை மாற்றப் பார்க்கிறது என்ற செய்தி 2023 ஜனவரியில் கசிந்து, ஆடுகிறவர்களும் சிறு பதிப்பாளர்களும் கொந்தளித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் இறங்கிவந்து, அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். நாற்பது பக்கம் மொழிபெயர்த்தேன். மந்திரங்களின் பெயர்களில் மூச்சு முட்டியது என்பது ஒரு பக்கம். நிறுத்தியதற்கு உண்மையான காரணம் பகடை. அந்த விளையாட்டுக்கு இருபது முகப் பகடை வேண்டும், நான்கு, எட்டு, பத்து, பன்னிரண்டு முகங்களிலும் வேண்டும். எங்கள் ஆறு பேருக்கும் இருந்தது ஒரே செட். புத்தகம் வாங்குகிறவர் பகடையைத் தேடி அலைய வேண்டுமென்றால் புத்தகம் அலமாரியிலேயே தூங்கும்.

அப்புறம்தான் தாயக்கட்டை வந்தது.

தாயக்கட்டை இல்லாத வீடு மதுரையில் குறைவு. இல்லாதவர்களுக்குப் பாத்திரக் கடையில் கிடைக்கும். கீழடியில் தந்தப் பகடைகள் கிடைத்திருக்கின்றன, அட்டையில் அதைப் போடலாம் என்று ஓவியர் ஒற்றைக்காலில் நின்றார். 1840 மதுரையைப் பற்றிய விளையாட்டுக்குக் கீழடி எதற்கு என்று நான் தடுத்துவிட்டேன். கட்டையின் நான்கு முகங்களிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒன்றில் வெறுமை. இரண்டு கட்டையை உருட்டினால் மொத்தம் பதினாறு விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, இரண்டு விதத்தில் விழும். 2 விழ மூன்று விதம், 3 விழ நான்கு விதம், 4 விழ மூன்று விதம், 5 விழ இரண்டு விதம். ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி.

பெரிய எண் விழுந்தால் வெற்றி என்று சார் முதலில் விதி எழுதினார். கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் முதல் ஆட்டத்திலேயே தாயம் விழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், சார் மட்டும் “தோத்துட்டீங்க” என்றார். மாடிக்குக் காபி கொண்டுவந்த வீட்டுக்கார அம்மா நின்று கேட்டுவிட்டு, “தாயம் விழுந்தா தோத்துட்டீங்களா? என்னப்பா ஆட்டம் இது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே விதி மாறியது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கும் வெற்றி. வீட்டுத் தாயத்தில் இந்த நான்கு விழுந்தால்தானே மறு ஆட்டம் கிடைக்கும்? பதினாறில் ஆறு, அதாவது 37.5 விழுக்காடு. உங்கள் ஆளுக்கு அந்த வேலை பழக்கம் என்றால் நான்கு என்ற எண்ணும் வெற்றியில் சேரும்: பதினாறில் ஒன்பது. அந்த வேலையில் கைதேர்ந்தவர் என்றால் மூன்று என்ற எண்ணும் சேரும்: பதினாறில் பதின்மூன்று, 81 விழுக்காட்டுக்குச் சற்று மேலே. கூட்டல் கழித்தல் கிடையாது, விழுந்த எண் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். விதிநூலின் இதயம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி 175 பக்கத்தை எதை வைத்து நிரப்பினோம் என்பதுதான் விஷயம்.

எங்கள் கதைக்களம், கோட்டைச் சுவர் இடிபடுகிற மதுரை. 1830-களின் கடைசியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் தொடங்கிய வேலை அது. அவர் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். இடிப்பு வேலையில் இருந்தவர்களின் பெயரைத்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றைக்கும் தாங்கி நிற்கின்றன. சுவரில் குடியிருந்த காவல் தெய்வங்கள் சுவர் போனால் எங்கே போகும்? இந்தக் கேள்வியில்தான் எங்கள் விளையாட்டு தொடங்குகிறது. இதை விளக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் மதுரை வரலாறு நாற்பது பக்கம், பேய் முனி பட்டியல் அறுபது பக்கம் என்று எழுதித் தள்ளியிருந்தேன். முனீஸ்வரன் யார் என்று மதுரைக்காரனுக்கு எட்டுப் பக்கம் விளக்கியிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். முருகன் வேடக்காரர் ஓர் ஊர், வள்ளி இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறெங்கிருந்தோ. தனித்தனியாக ஒப்பந்தம் ஆகி, அன்று ராத்திரிதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கும். என்ன பேச வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால். வெளிநாட்டு விதிநூல் எல்ஃப் என்றால் யாரென்று பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வாசகருக்கு கருப்பசாமியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றே ஒன்றுதான், இந்த ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பது.

சொல் தேடிய கதையையும் சொல்லிவிடுகிறேன். கதை நடத்துகிறவரை ‘நடத்துநர்’ என்று எழுதியிருந்தோம். முதல் நாளே ஒருவர் “தெப்பக்குளம் ரெண்டு கொடுங்க” என்று காசை நீட்டினார். ‘கட்டியக்காரன்’ என்று மாற்றினேன். அது வடக்கத்திக் கூத்துச் சொல், நம் பக்கத்து நாடகத்தில் பபூன்தான் என்று ஓவியர் திருத்தினார். அவர் தாத்தா நாடகத்துக்கு மிருதங்கம் வாசித்தவர், எதிர்த்துப் பேச முடியாது. பபூன் என்று எழுதினால் சார் ஒத்துக்கொள்ள மாட்டார். கடைசியில் ‘கதைசொல்லி’ என்ற சாதுவான சொல்லில் நின்றோம்.

பென்சில் கோடு

176 பக்கத்தையும் ஸ்பைரல் போட்டு இரண்டு பிரதி எடுத்து, நாகமலைப் பக்கம் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கும் பையன்களிடம் கொடுத்தோம். நாங்கள் கூட இருக்கக் கூடாது என்பது சாரின் நிபந்தனை. எழுதியவன் பக்கத்தில் இருந்தால் புத்தகத்தின் ஓட்டையை வாயாலேயே அடைத்துவிடுவான் என்றார். கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஆடும்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். மூன்று சாயங்காலம் அவர்கள் ஆடினார்கள், நாங்கள் எதிர் டீக்கடையில் இருந்தோம்.

திரும்பி வந்த பிரதிகளைப் புரட்டியபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. கோடு விழுந்த பக்கங்கள் இருபதைத் தாண்டவில்லை. எந்த எண் வெற்றி என்ற அட்டவணையில் கோடுகள் அடர்ந்து கருத்திருந்தன. காயம், தொழில் பட்டியல், மாதிரிக் காட்சி ஆகியவற்றில் நிறைய. நாற்பது பக்க வரலாற்றில் வரைபடத்தில் மட்டும்தான். முனி அத்தியாயம் வாங்கியபடியே இருந்தது. பின்னட்டையில் ஒருவன் எழுதியிருந்தான்: “காசு எங்கண்ணே?” 176 பக்கத்தில் ஒரு பொருளின் விலைகூட நாங்கள் எழுதவில்லை! கயிறு என்ன விலை, படகுக்காரனுக்கு எவ்வளவு, காவலுக்கு நிற்பவனுக்கு லஞ்சம் எவ்வளவு என்று மூன்று ராத்திரியும் சண்டை போட்டிருக்கிறார்கள். உடனே சார் விலைப் பட்டியல் போட்டார். 1835-இல் வந்த கம்பெனி ரூபாய், பதினாறு அணா. “இங்கேயும் பதினாறு பாருங்க” என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

எதை விதிநூலில் வைப்பது, எதைக் களநூல் என்ற இரண்டாவது புத்தகத்துக்குத் தள்ளுவது என்பதை அதுவரை பொருளை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தோம். விதி எல்லாம் ஒரு புத்தகம், ஊர் எல்லாம் இன்னொன்று. கோடுகளைப் பார்த்த பிறகு, ஆட்டத்தின் நடுவில் திறக்க வேண்டியதா, ஆட்டத்துக்கு முந்தின நாள் கதைசொல்லி மட்டும் படித்துக்கொள்ள வேண்டியதா என்று பார்த்துப் பிரித்தோம். அதனால் வரைபடமும் விலைப் பட்டியலும் ஊரைப் பற்றியவைதான் என்றாலும் விதிநூலுக்கு வந்தன. ஆட்டம் எத்தனை ராத்திரி நீண்டால் பாத்திரங்கள் எப்படி வளரும் என்ற சுத்தமான விதி, களநூலுக்குப் போனது. முதல் ராத்திரிக்கு அது வேண்டாம்.

அச்சுக் கணக்கும் சேர்ந்து கத்தரித்தது. டெமி எட்டு என்ற புத்தக அளவில் ஒரு ஃபாரம், அதாவது மடித்த ஒரு அச்சுத் தாள், பதினாறு பக்கம். 176 என்றால் பதினோரு ஃபாரம், முதுகில் பசை ஒட்டுகிற பெர்ஃபெக்ட் பைண்டிங் போட வேண்டும். அது பாயில் விரித்து வைத்தால் நிற்காது, அமுக்கிப் பிடித்தால் முதுகு விட்டுவிடும். விளையாட்டுப் புத்தகத்துக்கு இது பெரிய குறை. நாவலைக் கையில் பிடித்துப் படிக்கிறோம், இதைத் திறந்து போட்டுவிட்டுக் கட்டை உருட்டுகிறோம். சென்டர் பின் அடித்தால் தட்டையாக விரியும், ஆனால் ஒல்லியாக இருக்க வேண்டும். விதிநூல் மூன்று ஃபாரம், 48 பக்கம். களநூல் இரண்டு ஃபாரம், 32 பக்கம். இப்படி முடிவானபோதுதான் கவனித்தேன், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே அப்படித்தான் பிறந்தது. 1974-இல் டிஎஸ்ஆர் என்ற நிறுவனம் வெளியிட்ட முதல் பதிப்பு, ஒரு பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்கள், முதலில் அடித்தது ஆயிரம். 1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டும் மூன்று கறுப்புப் புத்தகங்கள்தான். தடித்த புத்தகம் பிறகு வந்த பழக்கம்.

பெட்டி போட்டுத் தாயக்கட்டையையும் உள்ளே வைக்கலாம் என்ற ஆசை இருந்தது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, கட்டை வைத்த பெட்டி விளையாட்டுச் சாமான் கணக்கில் போகும், வரி, பதிவு என்றெல்லாம் யோசிக்க வேண்டிவரும். விட்டுவிட்டோம். ஐஎஸ்பிஎன் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இலவசமாகவே கிடைத்தது.

முதலில் எங்கள் திட்டத்தில் களநூல் ஒன்று இல்லை, மூன்று. கோட்டை மதுரை, அழகர்மலைப் பாதை, சமணர் குகைகள். இதிலும் டிஎஸ்ஆரின் கதைதான் எங்களை நிறுத்தியது. 1990-களில் அவர்கள் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று உலகத்துக்கு மேல் உலகமாகப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் துணைநூல்கள் வரிசையாக. பாலைவன உலகில் ஆடுகிறவர் பேய்மாளிகை உலகத்துப் புத்தகத்தை ஏன் வாங்கப் போகிறார்? ஆடுகிறவர்கள் கூடவில்லை, பங்கு பிரிந்தார்கள். கடைகளுக்கு அனுப்பியது கட்டுக்கட்டாகத் திரும்பியதும் சேர்ந்து, 1997-இல் நிறுவனம் விசார்ட்ஸ் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி என்றால் செல்லூர் மாடி என்னாகும்? மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டோம்.

ஆடி வீதி

களநூலுக்கு நான் போட்ட திட்டத்தைப் பற்றி அப்போது எனக்கே பெருமை. சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று நான்கு சுற்று. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு திசை. ஆக மொத்தம் பதினாறு வீதி. இரண்டு கட்டைக்கும் பதினாறு வாய்ப்பு. ஒரு கட்டையின் முனையில் நெயில் பாலிஷ் தொட்டுக்கொண்டால், அது சுற்றைச் சொல்லும், மற்றது திசையைச் சொல்லும். சம்பவம் எந்த வீதியில் நடக்கிறது என்று ஒரே உருட்டலில் தெரிந்துவிடும். வீதிக்கு ஒரு பக்கம், பதினாறு பக்கம், சரியாக ஒரு ஃபாரம்.

கோயிலுக்குள் இருக்கிற ஆடி வீதியை ஏன் விட்டீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் வரைவில் அது இருந்தது. ஒரு ஞாயிறு சோதனை ஆட்டத்தில், திருடனைத் துரத்திக்கொண்டு எல்லாப் பாத்திரங்களும் கோபுர வாசலுக்கு வந்தன. ஒரு பெண் கேட்டார்: “சார், என் ஆளு தோல் பதனிடுற வீட்டு ஆளு. உள்ள விடுவாங்களா?” யாரும் பேசவில்லை. மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித் மக்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 ஜூலை 8. எங்கள் கதை அதற்கு நூறு வருடம் முந்தியது. தொழில் பட்டியல் என்று நாங்கள் விளையாட்டாக எழுதியது, அந்தக் காலத்து மதுரையில் சாதிப் பட்டியல்தான். பட்டியலில் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்ததும் ஊரில் பாதிக் கதவு சாத்திக்கொள்கிறது என்பதை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. அவர் கேட்டபோதுதான் உறைத்தது.

இதை எப்படித் திட்டமிடுவது என்று இரண்டு மாதம் பேசினோம். சாதியே இல்லாத மதுரை என்று எழுதிவிடலாம் என்றார் ஓவியர். அது பொய், அதை விடப் பெரிய பொய் கிடையாது என்றார் சார். விதியாக எழுதினால், இன்ன பிறப்புக்கு இன்ன வாசல் என்று நாமே ஒரு சட்டம் போட்டது போலாகிவிடும் என்பது என் பயம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்கூட 2024 பதிப்பில் ‘ரேஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஸ்பீசீஸ்’ என்று போட்டது. எங்களுக்குச் சொல்லை மாற்றினால் தீருகிற விஷயமில்லை. முடிவு இப்படி: விதிநூலில் தொழிலைப் பிறப்போடு கட்டும் வரி ஒன்றுகூட இல்லை. களநூலின் முதல் பக்கம் கதைசொல்லிக்கு. அந்த நாளைய மதுரையில் யாருக்கு எந்தக் கதவு சாத்தியிருந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, இது உங்கள் ஆட்டத்தில் வர வேண்டுமா, எந்த அளவு வர வேண்டும் என்று உருட்டத் தொடங்கும் முன்பே எல்லோரையும் கேளுங்கள் என்று எழுதினோம். நடுவில் யாருக்காவது தாங்க முடியவில்லை என்றால் கையை வைத்து நிறுத்த ஓர் அட்டையையும் நடுவில் வைக்கச் சொன்னோம். எக்ஸ் கார்டு என்று வெளிநாட்டு ஆட்டங்களில் இருக்கிற வழக்கம்தான். ஆடி வீதி, பதினாறில் சேராத வீதியாக வரைபடத்தில் வெறுமையாகவே இருக்கிறது.

சறுக்கல்கள்

வீதிக்கு ஒரு பக்கம் என்ற திட்டம் பார்க்க அழகு, படிக்க மோசம். பதினாறு வீதியும் ஒரே மாதிரி சரக்குள்ளவையா? எங்கள் கதையில் வெளி வீதி அப்போது வீதியே இல்லை. இடிபாடு, தூர்த்த அகழி, கல்லுக்கு அடிதடி. சாகசம் எல்லாம் அங்கேதான். ஒரு பக்கத்தில் அடங்காது. சித்திரை வீதிகளில் எனக்குச் சொல்ல நான்கு வரிதான் இருந்தது, ஆனால் திட்டம் ஒரு பக்கம் கேட்டதே என்று தேரடியில் ஒரு பூக்காரி, திண்ணையில் ஒரு கிழவர் என்று அடைத்து வைத்தேன். பூக்காரியும் கிழவரும் நான்கு வீதியிலும் உண்டு, தலைப்பாகை நிறம் மட்டும் வேறு. அச்சுக்குப் போகுமுன் யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது சறுக்கல் முழுக்க என்னுடையது. எழுதும்போது பக்க எண் தெரியாத இடங்களில் “பக்கம் 00 காண்க” என்று போட்டு வைத்திருந்தேன். மூன்று இடத்தில் அப்படியே அச்சாகிவிட்டது. இதே மாதிரி விளையாட்டுகளை வெளியிட்ட வொயிட் வுல்ஃப் நிறுவனத்தின் புத்தகங்களில் இப்படி “பக்கம் எக்ஸ்எக்ஸ்” என்று நின்றுபோனது ஆடுகிறவர்கள் மத்தியில் ஒரு பழைய கேலி. தெரிந்தே அதில் விழுந்தேன்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஆறு பேர் கூடுகிற இடத்தில் விதிநூல் இரண்டு மூன்று பேர் வாங்குவார்கள், களநூல் கதைசொல்லி ஒருவர்தான் வாங்குவார். ஆக மூன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, விதிநூல் 300, களநூல் 100 அடித்தோம். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் தெரிந்தவர் கடையில் ஓரமாக வைக்க இடம் கிடைத்தது. களநூல் முதலில் தீர்ந்தது. வாங்கியவர்களில் பலர் விளையாட வாங்கவில்லை. பழைய மதுரையைப் பற்றிய புத்தகம் என்று நினைத்து, கோட்டைச் சுவர் வரைபடத்துக்காக வாங்கிப் போனார்கள். விதிநூல் என் கட்டிலுக்கடியில் இன்னும் இரண்டு கட்டு இருக்கிறது.

இதனால் எதிர்பாராத தலைவலியும் வந்தது. ஒரு பெரியவர் போன் செய்து, மேல மாசி வீதியில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம், நீங்கள் எழுதிய முனி அங்கே கிடையாது என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. விளையாடுகிறவருக்கு எது கற்பனை என்று தெரியும். வரலாறு என்று நினைத்து வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? மாரட்டையும் முனியையும் ஒரே எழுத்தில், ஒரே குரலில் எழுதியிருந்தேன். இப்போது திருத்துகிற பதிப்பில், நாங்கள் கற்பித்த ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்னக் கட்டைப் படம் இருக்கும். களநூல் திட்டமிடும்போது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

இரண்டாம் பதிப்பில் பதினாறு வீதிகளும் ஒரே பக்க அட்டவணையாகச் சுருங்கிவிட்டன. சித்திரை வீதிகள் நான்குக்கும் சேர்த்து அரைப் பக்கம், பூக்காரி ஒருத்திதான். வெளி வீதிகளுக்கு ஒன்பது பக்கம். நாகமலை விடுதிப் பையன் ஒருவன் தன் பிரதியின் ஓரங்களில் வடக்கு வெளி வீதிக்கு எழுதி வைத்திருந்த சம்பவங்களையும், அவனைக் கேட்டுச் சேர்த்திருக்கிறோம். என்னுடையதை விட அவை நன்றாகவே இருக்கின்றன.

கணக்குப் பார்த்தால் 31 பக்கம் வருகிறது. மிச்சம் ஒரு பக்கம். ஓவியருக்கு அதில் கோட்டை வாசல் படம் வேண்டும், சாருக்கு அகழியில் என்ன கிடைக்கும் என்ற அட்டவணை வேண்டும். கட்டை உருட்டிப் பார்க்கலாமே என்றேன். இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை.